பீச் மரங்களை வெட்டியவர்கள்

நாம் ஆசிரியத் தொழிலில் அடியெடுத்து வைத்த ஆண்டில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருமுறை கதை சொல்லும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடசாலை நூலகம் என்பது அந்நாளில் ஓர் அலுமாரி, அவ்வளவுதான். அதிலிருந்த ஆங்கில நூல்களுள் அட்டை கிழிந்த ஒன்று, கிற் கார்சன் என்னும் அமெரிக்க வழிகாட்டியின் வீரச் செயல்களைப் பற்றியது. மலைகளிலும் பாலைகளிலும் வழி கண்டவன், கரடியிடமிருந்து தப்பியவன், செவ்விந்தியரை அடக்கி நாட்டுக்கு அமைதி கொணர்ந்தவன் என்று அந்நூல் அவனைப் புகழ்ந்தது. நாமும் குறையொன்றும் வைக்காமல், கையை வீசி, குரலை ஏற்றி இறக்கி, அக்கதையை நான்கு வாரங்கள் சொன்னோம். பிள்ளைகள் மெய்ம்மறந்து கேட்டனர். சொல்வதில் நமக்கு அன்று பெருமையும் இருந்தது.

ஐந்தாம் வாரம் கதை முற்றத்துக்கு வந்துவிட்டது. பனைமட்டைகள் குதிரைகளாயின. எல்லாருக்கும் கார்சனாக விருப்பம். செவ்விந்தியனாக ஒருவனுக்கும் விருப்பமில்லை. ஈற்றில் அப்பாத்திரம் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த மெலிந்த சிறுவன் ஒருவனுக்கே நாள்தோறும் வாய்த்தது. நாள்தோறும் அவன் வேப்பமரத்தடியில் விழுந்து செத்தான். அவன் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்பதை நாம் அறிவோம். அப்பாத்திரம் அவனுக்கு ஏன் வாய்த்தது என்பதையும் அறிவோம். ஆயினும் விறாந்தையில் நின்று பார்த்துச் சிரித்தோமேயன்றி ஒன்றும் கேட்டோமில்லை. அவன் இன்று எங்கிருக்கிறான் என்பது நமக்குத் தெரியாது.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகள் கழித்து, வேறொரு தேவைக்காக அமெரிக்க வரலாற்று நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நாம் பிள்ளைகளுக்குச் சொன்ன 'அமைதி கொணர்ந்த' படையெடுப்பின் முழு விபரமும் கண்ணிற்பட்டது. அந்நூலில் ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பந்தியாக மட்டும் இருந்த விடயம் அது. நாம் அதனை ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தோம்.

நவஹோ என்று பிறர் அழைக்கும் மக்கள், தம்மை டினே என்று அழைத்துக்கொள்வர். மக்கள் என்பதே அதன் பொருள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், நான்கு திசையிலும் நான்கு புனித மலைகள் எல்லையாக நிற்க, அவற்றின் நடுவே தமது நிலம் அமைந்ததென்பது அவர்தம் நம்பிக்கை. சோளம் விதைத்தனர்; செம்மறி மேய்த்தனர்; அதன் கம்பளியை நூற்று நெய்தனர். த ஷே என்னும் மலையிடுக்கில், ஆயிரம் அடி வரை உயர்ந்த செம்பாறைச் சுவர்களுக்கிடையே, ஆற்றுமணலை அடுத்து அவர்களுடைய பீச் தோட்டங்கள் இருந்தன. பீச் அந்த மண்ணுக்குரிய மரமன்று. ஸ்பானியர் வழி வந்தது. ஆடும் அப்படியே. வந்ததைத் தமதாக்கி வளர்த்தெடுத்த மக்கள் அவர்கள்.

1846 இல் அமெரிக்கப் படை நியூ மெக்சிக்கோவுக்குள் நுழைந்தது. 1848 இல் மெக்சிக்கோ அந்நிலப்பரப்பை உடன்படிக்கை மூலம் கைவிட்டது. அங்கு வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே, சமாதானம் பேச வந்த நர்போனா என்னும் முதுபெருந் தலைவர், களவுபோன குதிரையொன்றைப் பற்றி எழுந்த தகராற்றில் அமெரிக்கப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன்படிக்கைகள் எழுதப்பட்டன, முறிந்தன, மீண்டும் எழுதப்பட்டன. டினே மக்கள் குடியேறிகளின் ஆடுமாடுகளைக் கவர்ந்தது உண்மை. அதனை மறைப்பதால் நமக்கு ஆவதொன்றுமில்லை. ஆனால் நியூ மெக்சிக்கோவின் கொள்ளைக்கூட்டங்கள் டினே ஊர்களுக்குட் புகுந்து கவர்ந்தவை ஆடுகள் மட்டுமல்ல, பெண்களும் பிள்ளைகளும். அவர்கள் விற்கப்பட்டு வீட்டடிமைகளாயினர். ஆடு போனால் முறைப்பாடு எழுதத் தெரிந்த அரசாங்கத்துக்கு, பிள்ளை போனதை எழுதப் பல ஆண்டுகள் சென்றன.

1862 இல் ஜேம்ஸ் கார்ல்ற்றன் என்னும் தளபதி அப்பிரதேசத்தின் படைத்தலைமையை ஏற்றார். கண்டிப்பானவர், கடவுட் பக்தியுள்ளவர், ஒரு திட்டத்தைப் பிடித்தால் விடாதவர். இத்தகையோர் அதிகாரத்திலிருந்தால் கொடுமை ஒழுங்காக நடைபெறும். டினே நிலத்தில் பொன்னும் கனிவளமும் உண்டென்று அவர் நம்பினார். அதனைத் தம் கடிதங்களிலும் மறைத்தாரில்லை. பெக்கோஸ் ஆற்றங்கரையில் பொஸ்க் றெடொண்டோ என்னும் இடத்தைத் தெரிவு செய்து, சம்னர் கோட்டையை அமைப்பித்தார். அந்த இடத்தைப் பார்வையிட்ட அதிகாரிகள் குழு, நீர் கெட்டது, விறகு இல்லை, வெள்ளம் வரும், பொருள் கொண்டு வரும் தூரமும் அதிகம் என்று அறிக்கை கொடுத்தது. கார்ல்ற்றன் அதனை ஏற்கவில்லை. செவ்விந்தியரை அங்கு குடியிருத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தும் கிறித்தவமும் உழவும் கற்பித்தால், முதியோர் காலப்போக்கில் மடிவர், பழைய பழக்கங்களும் அவர்களோடு மடியும் என்ற கருத்தில் அவர் மேலிடத்துக்கு எழுதினார். முதியோரின் சாவை ஒரு திட்டத்தின் உறுப்பாகக் கொண்ட அக்கடிதத்தை வாசித்தபோது நாம் நூலை மூடி வைத்துவிட்டோம். ஒரு முழு நாள் அதனைத் தொடவில்லை.

முதலில் மெஸ்கலெரோ அப்பாச்சி மக்கள் அங்கு துரத்தப்பட்டனர். அடுத்து டினே. 1863 யூலை 20 ஆந் திகதிக்குள் சரணடைய வேண்டும். அதன்பின் கண்ணிற்படும் ஒவ்வொருவரும் பகைவரெனக் கொள்ளப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது. மலைகளிலும் மேய்ச்சல் வெளிகளிலும் சிதறி வாழ்ந்த, ஒற்றைத் தலைமை என்ற ஒன்றில்லாத மக்களில் எத்தனை பேரின் காதுக்கு அந்த அறிவித்தல் எட்டியிருக்கும்? படையை நடத்தும் பொறுப்பு கேணல் கிற் கார்சனிடம் கொடுக்கப்பட்டது.

நமது கதையின் வீரனுக்கு இங்கே நீதி செய்ய வேண்டும். கார்சன் தன் கையொப்பத்துக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர். முன்னர் செவ்விந்தியப் பெண்களை மணந்து வாழ்ந்தவர். யூற் மக்களுக்கு அரசாங்க முகவராக இருந்தவர். அப்பாச்சி ஆண்களைக் கண்ட இடத்திற் கொல்க என்று கார்ல்ற்றன் இட்ட கட்டளையை அவர் அப்படியே நிறைவேற்றவில்லை. 1863 இன் தொடக்கத்தில் பதவி விலகவும் முயன்றார், கார்ல்ற்றன் விடவில்லை. அதே கார்சன், தம்முடன் வந்த யூற் துணைப்படையினர் சிறைபிடிக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் அவர்களே வைத்துக்கொள்ள விடவேண்டும் என்று கேட்டார். அதனை மறுத்தவர் கார்ல்ற்றன். நல்லவன், கெட்டவன் என்று இருவரையும் இரு பக்கத்தில் நிறுத்திக் கதை சொல்ல விரும்புவோருக்கு இந்த வரலாறு இடங்கொடுக்காது. கார்சன் அரக்கனல்லன், சொன்னதைச் செய்பவன். கட்டளையை ஏற்றபின் அவர் அதனைத் திறமையுடன் செய்து முடித்தார்.

அப்போர் மனிதரை நேரே குறிவைத்த போரன்று. மனிதர் உண்பதைக் குறிவைத்த போர். கோடையில் தொடங்கி, சோளம் முற்றும் பருவத்தில் வயல்கள் எரிக்கப்பட்டன, குதிரைகள் விளைந்த பயிரில் மேயவிடப்பட்டன, சேமிப்புக் குழிகள் அழிக்கப்பட்டன, மந்தைகள் கவரப்பட்டன. பிடித்து ஒப்படைக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் 20 டொலர், ஒவ்வோர் ஆட்டுக்கும் 1 டொலர் எனப் படையினருக்கு வெகுமதி விதிக்கப்பட்டது. கைகலந்த சண்டைகள் குறைவு. டினே தரப்பிற் கொல்லப்பட்டோர் தொகையும் படையறிக்கைகளின்படி பெரிதன்று. வயல் எரிந்தபின் குளிர்காலம் வந்தது. மீதியைக் குளிர்காலம் செய்தது.

1864 ஜனவரியில் கார்சன் உறைபனியினூடே த ஷே மலையிடுக்கின் மேற்கு வாயிலை அடைந்தார். கப்டன் பைவ்வர் என்பவரின் பிரிவு கிழக்குப் புறமாக இறங்கி, பள்ளத்தாக்கின் நீளம் முழுவதையும் கடந்தது. பாறை விளிம்புகளில் நின்ற டினே மக்கள் கல்லையும் கட்டையையும் எறிந்தனர்; சபித்தனர். அவர்களிடம் வேறு என்ன இருந்தது? 23 பேர் கொல்லப்பட்டனர், 34 பேர் சிறைபிடிக்கப்பட்டனர், 200 பேர் தாமாகவே சரணடைந்தனர் என்று கார்சன் அறிக்கை எழுதினார். 'தாமாகவே' என்ற சொல்லுக்குப் படை அகராதியில் உள்ள பொருளை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். பட்டினியில் வந்தவரும் தாமாகவே வந்தவரே. செங்குத்தான ஒரு தனிப்பாறையின் உச்சியில் குடும்பங்கள் பல அக்குளிர்காலத்தைக் கழித்தன என்றும், கீழே காவல் நின்ற படையினர் உறங்கும் இரவுகளில் கயிற்றில் சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டு நீர் மொண்டன என்றும் அம்மக்களின் வாய்மொழி மரபு சொல்கிறது. படையறிக்கையில் அப்பாறை இல்லை.

பீச் மரங்களின் கதை இதன் பின்னர்தான் நிகழ்ந்தது. போர் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் சரணடைந்திருந்தனர். அவ்வாண்டுக் கோடையில் கப்டன் தொம்சன் என்பவர் ஒரு பிரிவுடன் மலையிடுக்குக்கு மீண்டும் அனுப்பப்பட்டார். வேலை, மரம் வெட்டுதல். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பீச் மரங்களை அவருடைய ஆட்கள் வெட்டிச் சாய்த்தனர். அவற்றின் கணக்கும் அறிக்கையில் எழுதப்பட்டது. நாம் வெகுநேரம் நின்றது இந்த இடத்திலேதான். வயலை எரிப்பது எதிரியைப் பட்டினி போடுவதற்கு என்று ஒரு படைத்தலைவன் நியாயம் சொல்லக்கூடும். சரணடைந்து போய்விட்ட மக்களின் மரத்தை வெட்டுவது எதற்கு? அவர்கள் திரும்பி வராதிருப்பதற்கு. வந்தாலும் வந்த இடம் தம் இடமாக இல்லாதிருப்பதற்கு.

சரணடைந்தோர் நடத்திச் செல்லப்பட்டனர். ஒரே நாளில், ஒரே வழியில் நிகழ்ந்த நடையன்று அது. 1864 இல் தொடங்கி 1866 வரை, பல அணிகளாக, பல வழிகளில் முந்நூறு மைலுக்கும் மேற்பட்ட தூரம் நடந்தனர். வண்டிகள் போதா. பனியில் கால் மரத்துப் போனவர்களும் வழங்கப்பட்ட புது உணவால் வயிறு கழிந்தவர்களும் வழியில் மடிந்தனர். கோதுமை மாவை என்ன செய்வதென்று அறியாது பச்சையாகக் கரைத்துக் குடித்தனர். கோப்பிக் கொட்டையை அவரை என்றெண்ணி அவித்தனர். பிரசவ வேதனையால் பின்தங்கிய பெண்கள் சுடப்பட்டனர் என்பது பேரன் பேத்திகள் வரை சொல்லப்பட்டு வந்த சாட்சியம். பின்தங்கிய பிள்ளைகளைப் பிடித்துச் செல்ல அடிமை வணிகரும் வழிநெடுகக் காத்திருந்தனர்.

நடையைப் பற்றி நம்மவருக்கு விளக்கம் தேவையில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் நமக்கும் உண்டு. ஆயினும் அவர்களுடைய துயரத்தை நமது துயரத்துக்கு உவமையாக்கிக் கொள்ள நாம் விரும்பவில்லை. அது அவர்களுடையது. அதற்கு அவர்களிட்ட பெயர் ஹ்வேல்டி.

ஹ்வேல்டியில் நடந்ததை அதிகாரிகள் முன்னரே எழுதிக் கொடுத்திருந்தனர் எனலாம். ஐயாயிரம் பேர்க்கென எண்ணிய இடத்தில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். மெஸ்கலெரோ மக்களும் டினே மக்களும் ஒருவரையொருவர் விரும்பாதவர். இருவரையும் ஒரே இடத்தில் இருத்தினர். உவர்நீர் குடித்து வயிறு கெட்டது. வாய்க்கால் வெட்டி உழுது விதைத்த சோளத்தைப் புழு தின்றது. மறு ஆண்டும் தின்றது. அதற்கு மறு ஆண்டும் விளைவு பொய்த்தது. அருகிலுள்ள மரங்கள் தீர்ந்தபின், மைல்கணக்கில் நடந்து முட்புதர்களின் வேரைத் தோண்டி முதுகிற் சுமந்து வந்து எரித்தனர். கொமாஞ்சி கூட்டத்தினர் எஞ்சிய மந்தையையும் கவர்ந்தனர். அம்மை வந்தது. அங்கிருந்த நான்கு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. மெஸ்கலெரோ மக்கள் 1865 நவம்பரில் ஓரிரவில் ஒருவரும் அறியாமல் எழுந்து போய்விட்டனர்.

இதற்கிடையில் ஒரு சிறு செய்தி. வாசித்தபோது நம்மையறியாமல் சிரித்துவிட்டோம். உணவுப் பங்கீட்டுக்கு அட்டைக் கூப்பன் கொடுக்கப்பட்டது. டினே மக்கள் அதேபோல் அட்டை வெட்டிக் கொண்டனர். அதிகாரிகள் உலோக வில்லைகளை முத்திரை பதித்துக் கொடுத்தனர். உலோக வேலை கற்றிருந்த கைகள் அவற்றையும் செய்தன. கள்ள வில்லைகள் ஆயிரக்கணக்கில் புழங்கின. முடிவில் பார்த்துச் செய்யவியலாத வேலைப்பாடுள்ள வில்லைகளை வெகுதூரத்திலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. கூப்பன் வரிசையில் நின்று வளர்ந்த நமது தலைமுறைக்கு இந்தக் களவு களவாகத் தோன்றாது. நாகரிகம் கற்பிக்கப் புறப்பட்ட கார்ல்ற்றனின் பாடசாலையில் அவர்கள் முதலிற் கற்றுத் தேறிய பாடம் இதுதான்.

நிற்க. முற்போக்காளராகிய நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இவை நடந்த ஆண்டுகள் எவை? 1863 ஜனவரி முதலாந் திகதி ஆபிரகாம் லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார். அடிமை முதலாளிகளுக்கு எதிராக வட மாநிலங்கள் நடத்திய போரை ஐரோப்பியத் தொழிலாளர் ஆதரித்தனர். 1864 நவம்பரில், சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் லிங்கனுக்கு வாழ்த்துரை எழுதியவர் கார்ல் மார்க்ஸ். அந்த வாழ்த்து தகுந்ததே. நாம் அதனை இன்றும் மறுக்கவில்லை. ஆனால் அவ்வுரை எழுதப்பட்ட மாதத்தில், லிங்கனின் அரசாங்கத்துக்குக் கீழ்ப்பட்ட அதே நீலச் சட்டைப் படை, பெக்கோஸ் கரையில் ஆயிரமாயிரம் மக்களைக் காவலில் வைத்திருந்தது. பீச் மரங்கள் வெட்டுண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. நியூ மெக்சிக்கோவின் வீடுகளில் டினே பிள்ளைகள் அடிமைகளாக மா அரைத்துக்கொண்டிருந்தனர். தெற்கில் விலங்கை உடைத்த கை மேற்கில் விலங்கு பூட்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போரை நாம் பல்லாண்டுகள் வகுப்பிற் கற்பித்தோம். தெற்கைப் பற்றிக் கற்பித்தோம். மேற்கு என்றொரு திசை இருந்ததே நமது குறிப்பேட்டில் இல்லை. வரலாறு முன்னேறுகிறது என்று சொல்லும்போது அது எவரை மிதித்து முன்னேறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல நாம் மறந்துவிட்டோம். மறதி என்பதும் சரியான சொல்லன்று, தேடவில்லை.

திட்டம் தோற்றது அறத்தினாலன்று, செலவினால். ஹ்வேல்டியை நடத்த ஆண்டுக்கு மில்லியன் டொலர் அளவில் விழுங்கியது. உணவு வழங்கும் ஒப்பந்தக்காரர் கொழுத்தனர். 1866 இல் கார்ல்ற்றன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டெம்பர் வரை பணியாது மலைகளில் நின்ற மனுவெலிற்றோ என்னும் தலைவர், காயமுற்ற கையுடன், இருபத்துச் சொச்சம் பேருடன் சரணடைந்தார்.

1868 மே மாத இறுதியில் சமாதான ஆணையாளராக ஜெனரல் ஷேர்மன் வந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜோர்ஜியாவை எரித்துக்கொண்டு கடல்வரை சென்ற அதே ஷேர்மன். டினே மக்களுக்காகப் பேசியவர் பார்போன்சிற்றோ. அவர் பேசியது டினே மொழியில். அதனை ஸ்பானிய மொழிக்குப் பெயர்த்தவர், சிறுவயதில் பிடிக்கப்பட்டு டினே மக்களிடையே வளர்ந்த மெக்சிக்கர் ஒருவர். ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர் வேறொருவர். ஒரு மக்களின் உயிர் இரண்டு மொழிபெயர்ப்புகளின் மீது நடந்து அப்பாற் சென்றது. தமக்கென வகுக்கப்பட்ட மலைகளையும் ஆறுகளையும் விட்டுப் போகவேண்டாமென்று முன்னோர் சொல்லியிருந்ததை அவர் எடுத்துரைத்தார். இந்த மண் எம்மை ஏற்கவில்லை, இங்கு எதைச் செய்தாலும் சாவே விளைகிறது என்ற பொருள்படப் பேசினார். கிழக்கேயுள்ள செவ்விந்தியப் பிரதேசத்துக்குப் போகலாமே என்று ஷேர்மன் சொன்னபோது, சொந்த நிலம் தவிர வேறெங்கும் அனுப்ப வேண்டாம் என்றார். ஷேர்மன் இசைந்தார். அவருடைய மனம் இளகியதா, கணக்கு இடித்ததா என்பதை அவரவர் முடிவு செய்க.

யூன் முதலாந் திகதி உடன்படிக்கை கையொப்பமாயிற்று. கார்சன் அதற்குச் சில நாட்கள் முன், மே 23 இல், கொலராடோவில் இறந்திருந்தார். டினே மக்களுக்குச் சுமார் 35 இலட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது; அவர்கள் முன்னர் வாழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியே அது. 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும் வழங்கப்படும். ஆறு முதல் பதினாறு வயது வரையான பிள்ளைகளைக் கட்டாயம் பாடசாலைக்கு அனுப்பவேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். ஆசிரியராகிய நாம் அந்தப் பிரிவை இருமுறை வாசித்தோம். எண்ணிக்கை நியாயமானதே. ஆனால் அப்பாடசாலைகளில் பின்னர் பிள்ளைகளின் கூந்தல் வெட்டப்பட்டது; தாய்மொழி பேசியதற்குத் தண்டனை கிடைத்தது. கல்வியை ஆதரித்துப் பேசிய மனுவெலிற்றோ, தம் மக்களைத் தொலைதூரத்துக் கார்லைல் பாடசாலைக்கு அனுப்பினார். படிக்கப் போன பிள்ளையைச் சாவில் இழந்தார். தண்டனைக்குரியதாயிருந்த அதே மொழி, 1942 முதல் பசிபிக் போரில் ஜப்பானியரால் அவிழ்க்கவியலாத இரகசியக் குறியீடாக அமெரிக்கப் படைக்கு உதவியது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை தனிக்கட்டுரைக்கு உரியன. ஒதுக்கிய நிலம் படிப்படியாக விரிந்தது. இன்று அது பரப்பில் இலங்கையிலும் சற்றுப் பெரியது. 1930 களில் மண்ணரிப்பைத் தடுப்பதாகச் சொல்லி அரசாங்கம் மந்தைகளைக் குறைத்தது. கண்ணெதிரே ஆடுகள் சுடப்பட்டதைக் கண்டோர் ஹ்வேல்டியை நினைவுகூர்ந்தனர். கார்ல்ற்றன் தேடிய பொன் கிடைக்கவில்லை. யுரேனியம் கிடைத்தது. 1940 களிலிருந்து தோண்டினர்; கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டும் ஐந்நூற்றுக்கு மேல். சுரங்கத்தில் இறங்கிய டினே தொழிலாளருக்கு அதன் நஞ்சைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

1868 யூன் 18 இல் அவர்கள் புறப்பட்டனர். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். அணி பத்து மைல் நீண்டிருந்தது. எல்லாரும் திரும்பினாரில்லை. அடிமைகளாக விற்கப்பட்டோரை மீட்க ஷேர்மனுக்கு அதிகாரமளித்து அமெரிக்கப் பேரவை அவ்வாண்டு யூலையில் தீர்மானம் நிறைவேற்றியது. மீண்டவர் சிலர், மீளாதவர் பலர். அல்புக்கேர்க் பக்கத்தில் வந்தபோது தமது தென்திசை மலையின் சிகரம் தெரிந்தது என்றும், அது தம் மலைதானா என்று ஐயுற்றனர் என்றும், கிழவர் கிழவிகள் அழுதனர் என்றும் மனுவெலிற்றோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

கடந்த ஆண்டு வாசிகசாலையொன்றில் மாணவர் வட்டத்துக்குப் பேச அழைத்தனர். பழைய கடன் ஒன்றிருந்ததால் இதனையே பேசினோம். கையை வீசவில்லை, குரலையும் ஏற்றவில்லை. முடிந்ததும் கேள்விகள் வந்தன. பெரும்பாலும் நூல்களைப் பற்றியும் திகதிகளைப் பற்றியும். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி மட்டும், அம்மலையிடுக்கில் மீண்டும் பீச் நட்டார்களா என்று கேட்டாள்.

நட்டார்கள் என்றோம்.

"காய்க்க எத்தனை வருடம் செல்லும், ஐயா?"

விதையிலிருந்து மூன்று வருடம், அல்லது நான்கு வருடம் என்றோம். அவள் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.